பக்கத்து வீட்டு மொசைக்கும் எங்கள் வீட்டு வரியும்

“…ரெண்டும் ஒண்ணுன்னு எழுதிட்டுப் போயிருவீங்களா துவான்? எழுதுங்க, தாராளமா எழுதுங்க! ஆனா ஒரு தடவ எங்க வீட்டுக்குள்ள காலு வச்சுப் பாத்துட்டு எழுதுங்கலா!”

இப்படிச் சொன்னது பக்கத்து வீட்டு அக்கா. சொன்ன இடம் என் வீட்டு வாசல். கேட்டுக்கொண்டு நின்றவர் மாவட்ட மன்றத்திலிருந்து வந்திருந்த மலாய் அதிகாரி. எங்கள் வீட்டுக்குப் போட்ட வரி அதிகம் என்று நாங்கள் ஆட்சேபம் எழுதிக் கொடுத்திருந்தோம். அதன்பேரில் வீட்டை மறுபடி பார்க்க வந்தவர் அவர். துவான், அதாவது ஐயா, என்று அக்கா மலாயில்தான் ஆரம்பித்தார். சூடு ஏற ஏறத் தமிழுக்கு வந்துவிட்டார். தோட்டத்து ஓரத்தில் பிறந்து வளர்ந்த அந்த அதிகாரிக்கு இரண்டும் புரிந்தது. புரிந்ததால்தான் பேனாவை மூடவும் முடியாமல் எழுதவும் முடியாமல் நின்றார்.

அக்கா அடுத்து என்ன செய்தார் என்று சொல்ல எனக்கு வாய் துடிக்கிறது. ஆனால் அவரும் நானும் எப்படி ஒரே சுவரின் இரண்டு பக்கத்துக்கு வந்து சேர்ந்தோம் என்று சொல்லாமல் அதைச் சொன்னால் பாதி ருசி போய்விடும்.

ஈப்போவில் பஸ் ஏறினால், சுண்ணாம்புக் குன்றுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போகும். ஈயம் தோண்டி விட்டுப்போன குட்டைகள் வரும். அதற்கப்புறம்தான் எங்கள் சின்ன டவுன். டவுனை ஒட்டி எங்கள் ரப்பர் தோட்டம் இருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் அக்காவும் நானும் அங்கே பால்மரம் சீவினோம். ஆளுக்கு ஒரு நிரை. ஒருவர் ஒரு காலையில் சீவ வேண்டிய மர வரிசைக்கு அந்தப் பெயர். அக்காவின் நிரை மேட்டில், காற்றோட்டமான இடத்தில், பால் கொட்டாய்க்கு இறங்கும் வழியிலேயே இருந்தது. என் நிரை பள்ளத்தில், கொசுவும் அட்டையும் குடியிருக்கும் பக்கம். அவர் வாளி நுரை தளும்ப வரும். என் வாளியை ஆட்டினால் கலகலவென்று சத்தம் கேட்கும்.

“என்னா, ஒன் மரமெல்லாம் விரதமா?” என்பார் கங்காணி. பால் நிறுக்க வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். அக்கா மட்டும் சிரிக்க மாட்டார். தலையைத் திருப்பிக்கொண்டு வானத்தைப் பார்ப்பார். அதுதான் எனக்கு இன்னும் எரியும். சிரித்துத் தொலைத்திருந்தால் ஒரு சண்டை போட்டு அன்றைக்கே முடித்திருக்கலாம்.

கூலி வீடுகள் வரிசையாக நின்ற லயத்திலும் அதே கதைதான். வரிசையில் முதல் வீடு அக்காவின் குடும்பத்துக்கு. நடுவில் எங்கோ ஒன்று எங்களுக்கு. கம்பெனியிலிருந்து பெரிய துரை தோட்டத்தைப் பார்வையிட வருவார் அல்லவா, அவர் எல்லா வீட்டுக்குள்ளும் நுழைகிறவர் இல்லை. முதல் வீட்டுக்குள் மட்டும் தலையை நீட்டி, கண்ணை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விடுவார். அதனால் எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. முந்தின நாளே எல்லா வீட்டுக்கும் சுண்ணாம்பு அடிப்போம். சாக்கடைக் கானைக் கழுவி விடுவோம். அப்புறம், வீட்டுக்கு வீடு இருக்கிற நல்ல சாமானெல்லாம் முதல் வீட்டுக்குப் போகும். ஒரு வீட்டிலிருந்து சுவர்க்கடிகாரம். இன்னொரு வீட்டிலிருந்து பூப்போட்ட மேசை விரிப்பு. எங்கள் வீட்டிலிருந்து என் அம்மா சீராகக் கொண்டுவந்த பித்தளைக் குத்துவிளக்கு. நான்தான் அதைப் புளி போட்டுத் தேய்த்து, முகம் தெரிகிற மாதிரி ஆக்கித் தூக்கிக்கொண்டு போவேன்.

துரை விளக்கைப் பார்ப்பார், ஏதோ சொல்வார். கூட வந்த தோட்டத்து ஆபீஸ் கிராணி, “வீட்ட நல்லா வச்சிருக்கீங்களாம், துரை சொல்றாரு” என்று அக்காவின் அம்மாவிடம் சொல்வார். அந்த அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு சிரிப்பார். பின்னால் நிற்கும் அக்காவின் முகமும் பளபளக்கும். அது என் விளக்கின் பளபளப்பு என்று நான் மனசுக்குள் கத்துவேன். மறுநாள் விளக்கு வீட்டுக்குத் திரும்பி வந்துவிடும். பாராட்டு திரும்பி வராது.

பிறகு தோட்டம் கைமாறியது. வாங்கியவர்கள் துண்டு போட்டார்கள். டவுன் பக்கத்துத் துண்டில் மரங்களைச் சாய்த்து ஒரு தாமான் கட்டினார்கள். தாமான் என்றால் மலாயில் பூந்தோட்டம். பூவைத்தான் காணோம், வரிசை வரிசையாக வீடுகள் இருந்தன. அதற்குள் எனக்கும் அக்காவுக்கும் கல்யாணம் முடிந்திருந்தது. என் வீட்டுக்காரருக்குக் கல் குவாரியில் வேலை. அக்காவின் புருஷன் லாரி ஓட்டினார். நாங்கள் ஒரு வரிசைக்குப் பதிந்தோம், கிடைத்தது வேறு வரிசை. சாவி வாங்கிக் கதவைத் திறக்கும்போது பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டிருந்தது அக்கா.

“நல்லதாப் போச்சு. இனிமே ஒனக்குப் பொழுது போகும்” என்றார் என் வீட்டுக்காரர். குறைவாகப் பேசுகிற ஆள். குவாரியில் கல்லை உடைக்கிற மாதிரி, ஒரே போடு, இரண்டு துண்டு.

ஒரே அளவு வீடு, ஒரே மாதிரி ஜன்னல், நடுவில் ஒரே சுவர். ஆரம்பத்தில் எனக்கே நிம்மதியாக இருந்தது. இங்கே மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. முதல் வீடும் இல்லை, நடு வீடும் இல்லை. அந்த நிம்மதி அக்கா தரைக்கு மொசைக் போடும்வரைதான் இருந்தது.

வெள்ளையும் பச்சையுமாகச் சின்னச் சின்னச் சதுரங்கள். கூடத்து நடுவில் ஒரு பூ வேறு. கறிவேப்பிலை கேட்டுப் போவேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே காலை வைத்தால் மத்தியான வெயிலுக்கு ஐஸ் மாதிரி இருக்கும். உள்ளங்காலில் ஏறிய அந்தக் குளிர்ச்சி வயிற்றுக்கு வருவதற்குள் கொதித்துவிடும். எங்கள் தரை வெறும் சிமெந்து. என் வீட்டுக்காரர் உடம்போடு கொண்டுவரும் குவாரிப் பொடி படிந்து, எத்தனை தடவை துடைத்தாலும் சாம்பல் நிறம்தான். “சும்மா நடந்து பாரு புள்ள, பஞ்சு மாதிரி இருக்கும்” என்பார் அக்கா. கல் எப்படிப் பஞ்சு மாதிரி இருக்கும் என்று நான் கேட்கவில்லை. இருந்ததே!

மொசைக்குக்கு அப்புறம் இரும்பு கிரில். அதற்கப்புறம் பிரம்பு நாற்காலிகள், நடுவில் கண்ணாடி போட்ட சின்ன மேசை. நான் தெருப் பெண்கள் போட்ட மாதச் சீட்டில் சேர்ந்தேன். என் முறை வந்து பணம் கைக்கு வந்ததும் எங்கள் வீட்டுக்கும் மொசைக் என்பது கணக்கு. வீட்டுக்காரரும் சரி என்று சொல்லிவிட்டார். அக்கா வீட்டில் ஒரு பூதானே, நம் வீட்டில் இரண்டு பூ வைக்கலாம் என்று நான் முடிவும் செய்துவிட்டேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் தாமான் மாவட்ட மன்றத்தின் எல்லைக்குள் வந்தது. வீடுகளைப் பார்த்து மதிப்புப் போட அதிகாரி வருவார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சுக்காய் பிந்துவாம், அதாவது வீட்டு வரி. நாங்கள் யாரும் வாழ்க்கையில் வீட்டு வரி கட்டியவர்கள் இல்லை. தோட்டத்தில் வீடு கம்பெனியுடையது, கூரை பறந்தாலும் கம்பெனிக்குத்தான் சொல்ல வேண்டும். அதனால் வரி என்கிற வார்த்தை எங்கள் காதில் சரியாக இறங்கவே இல்லை. அதிகாரி வீடு பார்க்க வருகிறார் என்பது மட்டும் இறங்கியது. வீடு பார்க்க வருகிறவருக்கு வீட்டை எப்படிக் காட்ட வேண்டும் என்று தோட்டத்து ஆட்களுக்குத் தெரியாதா?

தெரு முழுக்கச் சுண்ணாம்பு வாடை. ஒரு வீடு பாக்கியில்லை. மளிகைக்கடைச் சீனர் கடையில் சுண்ணாம்பு தீர்ந்து, டவுனுக்கு ஆள் அனுப்பி வரவழைத்தார். “என்னா தங்கச்சி, எல்லா ஊட்லயும் ஒரே நாள் கல்யாணமா?” என்று என்னைக் கேட்டார். “அதிகாரி வாராருலா” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்து, மறுபடி மூடிக்கொண்டு, ஒரு மூட்டை சுண்ணாம்பை எடுத்துக் கொடுத்தார். அந்த வாயைத் திறந்தபடியே விட்டிருக்கலாம் என்று பின்னால் பல தடவை நினைத்திருக்கிறேன்.

அந்த வாரம் பார்த்து அக்கா குடும்பத்தோடு பாகான் செராய்க்கு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினார். சாவியை என் கையில் கொடுத்தார். “கோழிக்குத் தீனி போட்டுரு புள்ள. சாயந்தரம் விளக்கு வச்சிரு. ஒன் வீடு மாதிரி பாத்துக்க” என்றார்.

என் வீடு மாதிரியே பார்த்துக்கொண்டேன். அதிகாரி வரும் அன்று காலையில் அக்காவின் பிரம்பு நாற்காலிகள், கண்ணாடி மேசை, பிளாஸ்டிக் ரோஜா வைத்த ஜாடி, பூப்போட்ட ஜன்னல் திரை எல்லாம் என் வீட்டுக்கு வந்தன. மேசையின் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்த என் வீட்டுக்காரர் வாசலில் நின்று, “இப்ப நம்ம மொத வீடு ஆயிட்டமா?” என்று கேட்டார்.

“பேசாமத் தூக்குங்க” என்றேன். உள்ளுக்குள் ஆமாம் என்றேன். தூக்க முடியாமல் போனது அந்த மொசைக் மட்டும்தான். சிமெந்துத் தரையை மறைத்துப் பாய்களை விரித்தேன்.

அதிகாரி இளவயசுக்காரர், அட்டையும் பேனாவுமாக வந்தார். முதலில் அக்காவின் வீட்டு முன்னால் நின்றார். பூட்டிய கிரில், சாத்திய ஜன்னல், மேய்ந்துகொண்டிருந்த கோழி. வெளியிலேயே நின்று ஏதோ எழுதிக்கொண்டார். அப்புறம் என் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னேன். கோப்பி கொடுத்தேன். சுற்றிப் பார்த்துவிட்டு, அழகான வீடு என்று மலாயில் சொன்னார். கிராணி மொழிபெயர்க்காமல் நேராக என் காதில் விழுந்த முதல் பாராட்டு அது.

“எத்தன அறை?” என்று கேட்டார்.

இருந்தது இரண்டு. பின்னால் தகரம் போட்டு இழுத்த ஒரு கொட்டாய் உண்டு, விறகு அடுப்பும் கோழிக்கூண்டும் வைத்த இடம். அன்றைக்கு அங்கே அக்காவின் திரை தொங்கியது, மடக்குக் கட்டில் ஒன்று விரித்திருந்தது, கோழிகள் அக்கா வீட்டுப் பக்கம் விருந்துக்குப் போயிருந்தன. “மூணு” என்றது என் வாய். அவர் எழுதிக்கொண்டார். என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார்.

அக்கா திரும்பி வருவதற்குள் எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைத்துவிட்டேன். வந்த அன்றே கேட்டுவிட்டார்: “என்னா புள்ள, நாற்காலியெல்லாம் நடந்துச்சா? தெச மாறி உக்காந்துருக்கு?”

“கூட்டினேன்க்கா” என்றேன். 

சில மாதம் கழித்து அறிவிப்பு வந்தது. என் வீட்டுக்காரர் வாய்க்குள்ளே படித்தார். வீட்டின் ஆண்டு மதிப்பு இவ்வளவு என்று போட்டிருந்தது. அக்காவும் தன் அறிவிப்பைத் தூக்கிக்கொண்டு வேலிக்கு வந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். எங்கள் மதிப்பு எங்கேயோ இருந்தது, அவருடையது அதற்குக் கீழே எங்கேயோ இருந்தது.

அக்காவின் முகம் சுண்டிவிட்டது. “ஒங்க வீட்டுக்கு இவ்வளவு, எங்க வீட்டுக்கு இவ்வளவுதானா? அவனுக்குக் கண்ணு கிண்ணு தெரியுமா?” என்றார். அப்புறம் என் வீட்டை, ஏதோ இத்தனை நாள் பார்க்காததைப் பார்ப்பது போல, அடியிலிருந்து கூரை வரைக்கும் பார்த்தார். என் பிறவியில் அக்கா என்னைப் பார்த்து வயிறு எரிந்தது அன்றைக்குத்தான். பாயாசம் குடித்த மாதிரி இருந்தது எனக்கு. கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம் என்று மெதுவாக வீட்டுக்குள் வந்தேன்.

என் வீட்டுக்காரர் காகிதத்தின் அடுத்த வரிக்கு வந்திருந்தார். “மதிப்பு ஒனக்கு. வரி எனக்கு” என்றார். எவ்வளவு என்று காட்டினார். பிறகு, “மொசைக்க மறந்துரு. சீட்டுக்காசு இனிமே இதுக்குத்தான்” என்றார்.

பாயாசம் அப்படியே தொண்டையில் நின்றது. ஜன்னல் வழியாக வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். கீழே மொசைக்கும் அவருக்கு, குறைந்த வரியும் அவருக்கு! மேட்டு நிரையே மறுபடி அவர் கைக்குப் போய்விட்டது.

வேடிக்கை என்னவென்றால், அக்காவும் தூங்கவில்லை. மதிப்பு ஏன் குறைந்தது என்று மன்றத்தில் போய்க் கேளுங்கள் என்று புருஷனைப் பிடுங்கி எடுத்தார். “குறைச்சலாப் போட்டுட்டாங்கன்னு சண்டைக்குப் போன மொத ஆளு நானா இருக்கணுமா?” என்று அந்த அண்ணன் கத்தியது சுவர் வழியாகக் கேட்டது. ஒரே காகிதத்துக்காகச் சுவரின் இந்தப் பக்கம் ஒரு வயிறும் அந்தப் பக்கம் ஒரு வயிறும் எரிந்துகொண்டிருந்தன.

நாங்கள் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தோம். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நல்ல சேலை கட்டப் போனேன், வீட்டுக்காரர் வேண்டாம் என்று தடுத்தார். நீள மேசைக்குப் பின்னால் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் பொறுமையானவர். மதிப்பு என்றால் வீட்டின் விலை இல்லை, அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் ஒரு வருஷத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்கிற கணக்கு என்று விளக்கினார்.

“நாங்க வாடகைக்கு விடலயே துவான். நாங்கதானே இருக்கோம்” என்றேன்.

“விட்டால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.”

“விட்டா நாங்க எங்க போறது?”

மேசைக்குப் பின்னால் ஒருவர் இருமினார். என் வீட்டுக்காரர், “அவ கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போறப்ப நான் மட்டுந்தான் இருப்பேன் துவான், அதுக்கு எவ்வளவு வாடகை போடலாம்?” என்று முகத்தை மாற்றாமல் கேட்டார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் எனக்குத் தைரியம் வந்தது. பக்கத்து வீடும் எங்கள் வீடும் ஒரே காலத்தில், ஒரே அளவில் கட்டியது, பக்கத்து வீட்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டேன்.

நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார். “பக்கத்து வீட்டுக்குக் குறைத்துப் போட்டிருக்கிறார்கள் என்பது உங்கள் புகாரா? அப்படியும் ஆட்சேபம் சொல்லலாம். சட்டத்தில் இடம் இருக்கிறது.”

சட்டத்திலேயே இடம் இருக்கிறதாம்! ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மொசைக், கிரில், நடுவில் பூ, எல்லாம் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன. மேசைக்கு அடியில் வீட்டுக்காரரின் கால் என் காலை மிதித்தது. பால் நிறுக்கும் வரிசையில் எல்லாரும் சிரித்தபோது வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற முகமும் அந்த நேரம் பார்த்து ஏன் ஞாபகத்துக்கு வர வேண்டும்? “இல்ல துவான். நான் எங்க வீட்டப் பத்தி மட்டுந்தான் சொல்றேன். எங்க வீட்ட மறுபடி வந்து பாருங்க” என்றேன். அதிகாரியை அனுப்புவதாகச் சொன்னார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் வீட்டுக்காரர் கேட்டார்: “முழுங்கினது செரிச்சிருச்சா?”

“இன்னும் இல்ல” என்றேன்.

அதிகாரி வரும் நாளுக்கு வீட்டுக்காரர் ஒரே ஒரு உத்தரவுதான் போட்டார். வீடு எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்க வேண்டும். சொல்வது சுலபம். வீடு பார்க்க ஆள் வருகிறபோது குப்பையைக் குப்பையாகவே விட்டுவைக்க எந்தத் தோட்டத்துப் பெண்ணின் கை சம்மதிக்கும்? விடிந்ததும் துடைப்பத்தைத் தேடினேன், காணோம். அவர் முன்னேற்பாடாக அதைக் கொண்டுபோய் எங்கோ ஒளித்துவைத்திருந்தார். முந்தானையால் துடைக்கப் போனேன், “கைய எடு” என்றார். ஒரு பொருளை மட்டும் தேய்த்து வைக்க விட்டார், சாமி படத்துக்கு முன்னால் இருக்கும் அம்மாவின் குத்துவிளக்கை. “அதுக்கு வரி இல்ல” என்றார்.

பக்கத்து வீட்டில் அப்படி இல்லை. எங்கள் வீட்டைப் பார்க்க அதிகாரி வருவது தெரிந்து அக்கா தன் வாசலைக் கழுவிக் கோலம் போட்டிருந்தார். கல்யாணத்துக்குக் கட்டிய சேலை, தலையில் பூ. அதிகாரி வந்து இறங்கியதும், “சும்மா பாக்க வந்தேன்லா” என்று சொல்லிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்.

வந்தவர் அதே இளவயசு அதிகாரி. உள்ளே காலை வைத்தவர் அப்படியே நின்றார். சிமெந்துத் தரையைப் பார்த்தார், மூலையில் சுருட்டி வைத்திருந்த பாயைப் பார்த்தார். “பிரம்பு நாற்காலிகள் எங்கே?” என்றார்.

கொட்டாயில் ஒரு சேவல் கூவியது. அக்கா என்னைப் பார்த்தார். நான் சாம்பல் தரையைப் பார்த்தேன்.

“அது எங்க வீட்டு நாற்காலி துவான்” என்றார் அக்கா. கோபம் இல்லை, தொலைந்த நகை கிடைத்தவர் குரல் மாதிரி இருந்தது. “இங்க வந்துருந்துச்சா? அதான் தெச மாறி உக்காந்துருந்துச்சு! ஏன் துவான், பாக்க அழகா இருந்துச்சா?”

“அழகாகத்தான் இருந்தது” என்றார் அதிகாரி. “ஆனால் நாற்காலிக்கு மதிப்புப் போடுவதில்லை அக்கா.”

இரண்டாவதாகச் சொன்னது அக்காவின் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. முகம் மலர்ந்து போய்விட்டது. எனக்குத்தான் என்று நான் இத்தனை மாதம் பத்திரமாக வைத்திருந்த அந்த ஒரு பாராட்டும், நாற்காலிக்குப் பின்னாலேயே சொந்தக்காரரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

அதிகாரி பின்பக்கம் போனார். தகரக் கூரையைத் தட்டிப் பார்த்தார். விறகு, அடுப்பு, கூண்டுக்குள் அவரை முறைத்த கோழிகள். “இதுவா மூணாவது அறை?” என்றார். “கோழிங்க தங்குற அறை துவான்” என்றார் என் வீட்டுக்காரர். அதிகாரி சிரித்துக்கொண்டே அட்டையில் எழுதியிருந்த எதையோ அடித்துவிட்டார். வாசலுக்கு வந்து, வெளியில் நின்றபடி இரண்டு வீட்டின் முகப்பையும் ஒரு தடவை பார்த்தார். “இரண்டும் ஒரே பிளான், ஒரே காலத்தில் கட்டியது. இந்த வீட்டையும் பக்கத்து வீட்டு மதிப்புக்கே இறக்கச் சொல்லி எழுதுகிறேன். இரண்டு வீடும் ஒன்றுதான்” என்றார்.

என் வீட்டுக்காரர் மூச்சு விட்டார். எனக்கு அந்தச் சாம்பல் தரையில் வெள்ளையும் பச்சையுமாகச் சதுரங்கள் ஓடத் தொடங்கிவிட்டன. இரண்டு பூ. ஒன்று வாசலுக்குப் பக்கத்தில், ஒன்று நடுவில். ‘இரண்டு வீடும் ஒன்றுதான்’ என்று சர்க்கார் வாயாலேயே வந்துவிட்டதே! பள்ளத்து நிரையில் கால் வைத்த நாளிலிருந்து நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அல்லவா அது. அதைக் கேட்ட நிமிஷத்தில்தான் அக்காவின் முகத்திலிருந்து சிரிப்பு போனது.

“ஒண்ணா?” என்றார். “எது துவான் ஒண்ணு? எங்க தரையும் இவ தரையும் ஒண்ணா? கிரில்லு ஒண்ணா? நீங்க அன்னிக்கி பூட்டுன கதவப் பாத்துட்டுப் போனீங்க, இன்னிக்கி வாசல்லயே நின்னு…” அதற்கப்புறம் சொன்னதுதான் நான் முதலிலேயே எழுதிவிட்டது.

என் வீட்டுக்காரருக்கு மனசு கேட்கவில்லை. “அக்கா, உள்ள கூட்டிட்டுப் போனீங்கன்னா மதிப்பு ஏறிரும். வரியும் ஏறும்லா. அண்ணன் வந்து சத்தம் போடுவாரு” என்று மெதுவாகச் சொன்னார். போகவிடு, அவருக்கும் வரி ஏறட்டும் என்றது என் ஒரு மனசு. அவர் மட்டும் உள்ளே கூட்டிக்கொண்டு போய் அந்தப் பூவைக் காட்டிவிட்டால், மறுபடியும் உசந்த வீடு அவர் வீடுதான், அதைச் சர்க்காரே எழுதி வைத்துவிடும் என்று பொருமியது இன்னொரு மனசு. இரண்டில் எதைச் சொல்வது என்று தெரியாமல் வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அக்கா வரியையும் சட்டை செய்யவில்லை, அண்ணனையும் சட்டை செய்யவில்லை. அதிகாரியைப் பார்த்து, “ஒரு நிமிசம் துவான்” என்றார். என்னைத் தாண்டி நேராக என் வீட்டுக்குள் நுழைந்தார். சாமி படத்துக்கு முன்னால் பளபளத்துக்கொண்டிருந்த என் அம்மாவின் பித்தளைக் குத்துவிளக்கைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அதிகாரிக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்து, தன் வீட்டுக் கிரில் கதவை முழுசாகத் திறந்துவிட்டார்.